ரேடியோவில் பார்த்த படம்

இந்த மாதம் வீட்டில் உட்கார்ந்தபடியே நாலு படம் பார்த்துவிட்டேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் வயசுக்காரிகளுக்கு வேறென்ன வேலை? முழங்காலுக்குத் தைலம் தேய்த்து, காலை நீட்டி, டிவி முன்னால் உட்கார வேண்டியதுதான்.

முதல் படம் முழுக்க இருட்டு. யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை. "செத்தவனே திரும்பி வந்து பேசறானா, இல்ல அவன் தம்பியா?" என்று மகளிடம் கேட்டேன். "எனக்கும் தெரியலம்மா, அந்தூட்டுல யாராச்சும் லைட்டப் போட்டாத்தான் தெரியும்" என்றாள். இரண்டாவது படத்தில் கதாநாயகன் ஒரு உதை விட்டான், லாரி பறந்தது. லாரிக்காரன் பிழைப்பு என்னாவது என்றுதான் என் நினைப்பு போனது. மூன்றாவது மலையாளப் படம். மழை பெய்கிறது, ஒரு பெரியவர் குடையைத் தேடுகிறார். பாதிப் படம் வரை தேடினார். எனக்கு அது பிடித்திருந்தது. கீழே ஓடுகிற எழுத்தை நான் கூட்டிப் படிப்பதற்குள் அது ஓடிப்போய்விடும், ஆனாலும் ஒன்றும் குறையவில்லை. படம் பார்க்கத் தெரிந்தவளுக்கு எழுத்து எதற்கு?

நாலாவது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். மகள் எதையோ தேடப்போய் அது வந்து நின்றது. முதல் பாட்டைக் கேட்டதுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"இது நான் பார்த்த படம்" என்றேன்.

"எந்தத் தியேட்டர்லம்மா?"

"தியேட்டர்ல எங்க பாத்தேன்? ஊட்லதான். ரேடியோவுல."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். உங்களுக்குச் சிரிப்பு வராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒலிச்சித்திரம் என்று போடுவார்களே, ஒரு படத்தின் பேச்சையும் பாட்டையும் மட்டும் சுருக்கி ஒரு மணி நேரத்துக்கு? அதைக் கேட்டுவிட்டு 'படம் பார்த்தோம்' என்றுதானே நாமெல்லாம் சொன்னோம்?

கடைசி வரைக்கும் எழுந்திருக்காமல் பார்த்தேன். புருஷன் வீட்டு வாசற்படியில் நின்று அழுத அந்தப் பெண், கடைசியில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சுபம் என்று போட்டுவிட்டான். எனக்குப் பிடிக்கவில்லை. அவள் வெளியேதான் போனாள். எங்கள் அத்தை அன்றைக்கே சொல்லிவிட்டாள். படம் எடுத்தவன்தான் தப்பாக எடுத்திருக்கிறான்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாத பெண்ணை அப்பாதான் வளர்த்து, தாராபுரத்தில் பஞ்சு வியாபாரம் செய்கிற வீட்டில் கட்டிக்கொடுத்தார். நல்ல வசதி. நாங்கள் அப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்தோம். அப்பாவுக்கு இரும்பு வார்க்கிற பட்டறையில் வேலை. எனக்கு எட்டு வயசிருக்கும். அந்தச் சித்திரையில் மாரியம்மன் நோம்பிக்கு அத்தை வந்தாள். நோம்பி முடிந்து கோயில் முன் நட்ட கம்பத்தைப் பிடுங்கியதும் வந்திருந்த ஒறம்பரைச் சொந்தமெல்லாம் மூட்டை கட்டிக் கிளம்பிப் போனது. அத்தை மட்டும் போகவில்லை.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. "வெயில் தாழட்டும்" என்றார் அப்பா. வெயில் தாழ்ந்ததும், "ஆடி வருது, ஆடிக்குப் பொறந்த ஊட்லதானே இருக்கோணும், கழிச்சுட்டே போகட்டும்" என்றார். இப்படி ஒவ்வொரு சாக்காகச் சொல்லிச் சொல்லி அத்தை எங்களோடு இருந்தாள். சாக்கு தீர்ந்தால் என்ன செய்வது என்று அவள் பயந்துகொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது.

வந்த புதிதில் அவள் பேசவே மாட்டாள். சாப்பிடுகிறாயா என்றால் சரிங்க. வேண்டாமா என்றாலும் சரிங்க. அவள் வாயைத் திறந்தது ரேடியோதான்.

அந்த ரேடியோவை அப்பா வாங்கி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீதியில் அது ஒன்றுதான். பளபளவென்று மரப்பெட்டி, முன்னால் தங்க நிறத்தில் முரட்டுத் துணி, ஓரத்தில் ஒரு பச்சைக் கண். திருகினதும் பேசாது. உள்ளே சூடேற வேண்டும். சூடேறும்போது தூசி வறுபடுகிற ஒரு வாசனை வரும். அந்தப் பச்சைக் கண் மெல்ல மெல்ல ஒளி பிடிக்கும். அதற்கப்புறம்தான் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருவதுபோல ஒரு குரல் வரும். இப்போது பொத்தானை அமுக்கியதும் படம் வந்து மூஞ்சியில் மோதுகிறது. எனக்கு அந்த வறுபட்ட வாசனை வேண்டும். எங்கே போய்க் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை அம்மா காலையிலேயே கோழிக் குழம்பு வைத்து, மத்தியானத்துக்குள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். படம் ஓடும்போது என்ன வேலை செய்யலாம் என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டமே இருந்தது. அரிசியில் கல் பொறுக்கலாம். பூக் கட்டலாம். புளி தட்டக்கூடாது, கடலைக்காய் உரிக்கக்கூடாது. பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா பட்டன் தைக்க வேண்டிய சட்டைகளை மடியில் அள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். கோயமுத்தூர்க் கோட்டைமேட்டிலிருந்து வந்து குடியேறிய ராவுத்தர் குடும்பம் அவர்களுடையது. அந்த நேரத்தில் அவள் வீட்டுத் தையல் மிஷினும் ஓடாது.

அப்பா உள்ளே வரமாட்டார். பெண்கள் கதை கேட்கிற இடத்தில் ஆம்பளைக்கு என்ன வேலை? வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வார். தூங்குகிறார் என்றுதான் பேச்சு. அழுகைக் கட்டம் வந்தால் மட்டும் கட்டில் கிறீச்சிடும்.

ரேடியோப் படத்தில் ஒரு சங்கடம் உண்டு. பேச்சு நின்று வெறும் மேளமும் பிடிலும் மட்டும் வாசிப்பார்கள். அங்கே என்னவோ நடக்கிறது. என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. வேறு வீதிகளில் ரேடியோ இருக்கிற வீடுகளில் அந்த நேரத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் அத்தை முகத்தைப் பார்ப்போம்.

"இப்ப என்ன நடக்குது அம்மிணி?" என்பாள் அம்மா.

"பொறுங்க நங்கை" என்பாள் அத்தை. அண்ணியை நங்கை என்றுதான் எங்கள் பக்கம் கூப்பிடுவார்கள். கண்ணை மூடிக்கொள்வாள். "அவன் பொட்டியத் தூக்கிட்டுப் படியெறங்கறான். அவ தூணுக்குப் பின்னால நின்னு பாக்கறா. அவன் திரும்பியே பாக்கல."

"தூணு இருக்குதுன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"பணக்கார ஊடுங்க. தூணில்லாம இருக்குமுங்களா?"

அடுத்த பேச்சு வரும். அவள் சொன்னபடியே அவன் போயிருப்பான். நாங்கள் வாயைப் பிளப்போம்.

படம் முடிந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு அபிப்பிராயம் சொல்லத் தொடங்குவார்கள். படத்தைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். அம்மாவுக்கு எந்தப் படத்திலும் ஒரே கவலை. "அந்தப் புள்ள காத்தால இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. அழுகச் சொல்றாங்களே ஒளிய ஒருத்தராச்சும் சோறு போட்டாங்களா பாரு." தையற்காரம்மா குரலைக் கேட்டே ரவிக்கை அளவு சொல்லிவிடுவாள்.

"இவளுக்கு முப்பத்திரண்டு. கழுத்து நீளம். கையக் கொஞ்சம் எறக்கி வெச்சாத்தான் எடுப்பா இருக்கும்."

"போன வாரம் அந்த வில்லிக்கும் முப்பத்திரண்டுன்னுதானே சொன்னீங்க?" என்று அத்தை மடக்குவாள்.

"வில்லிக்கு முப்பத்தாறு! நான் சொன்னது உனக்குக் கேக்கல. பஞ்சு யாவாரி பொண்டாட்டிக்குக் காதுலயும் பஞ்சு."

எல்லாரும் சிரித்தோம். அத்தையும் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள்.

அத்தையின் அபிப்பிராயம்தான் கடைசியில் வரும். அவள் கதாநாயகியை விடமாட்டாள். "அத்தன பேர் பேசறாங்க, அவ ஏன் வாயடைச்சு நிக்கறா? நானா இருந்தா அந்த எடத்துலயே ஒண்ணு கேட்டிருப்பேன்" என்பாள். என்ன கேட்டிருப்பாள் என்பதையும் அந்தக் கதாநாயகி குரலிலேயே பேசிக் காட்டுவாள். கன்னம் சிவந்துவிடும். அந்த நேரத்தில் அவளைப் போல அழகி நான் எந்தப் படத்திலும் இன்று வரை பார்க்கவில்லை. டிவியில் கண்ட அந்த நடிகை முகம் எனக்கு அந்நியமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். அந்தக் குரலுக்கு என் மனசில் இத்தனை வருஷமும் அத்தை முகம்தான் இருந்திருக்கிறது.

ஒருநாள் துவைக்கிற கல்லடியில் அவளும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சோப்புத் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தேன்.

"அங்க அடிக்கறாங்களா அம்மிணி?" அம்மா மெதுவாகத்தான் கேட்டாள்.

"இல்லீங்க நங்கை. அடிச்சாத்தான் எல்லார்த்துக்கும் புரியுமே. சோறு, துணிமணி, நகை, எதுக்கும் கொறையில்ல. நான் ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் எந்திரிச்சுப் போயிர்றாங்க. அவரும்தான். நான் பேசினதே இல்லைங்கற மாதிரி. எம்பட கொரல் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சுங்க. இங்க வந்துதான் கேக்கறேன்."

அம்மா துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள்.

"அண்ணன் ஒருவாட்டி கேட்டாருன்னா போதும்" என்றாள் அத்தை. "போறியா இருக்கறியான்னு ஒருவாட்டி. நானாச் சொன்னா, வளத்தவருக்கு எவ்வளவு தலகுனிவு?"

அவ்வளவுதான் அவள் ஆசை. அண்ணன் ஒருமுறை கேட்க வேண்டும். அப்பா கேட்கவில்லை. கேட்டால் தங்கையைச் சங்கடப்படுத்துவதாகும் என்று அவர் நினைத்தார். சொன்னால் அண்ணனைச் சங்கடப்படுத்துவதாகும் என்று அவள் நினைத்தாள். நடுவில் ஆடி ஓடிக்கொண்டிருந்தது.

ஆடிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் படம் வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிய்த்து எறிந்துகொண்டிருந்தது. கூரைமேல் கட்டிய ஏரியல் கம்பி ஆட ஆட, ரேடியோ கரகரத்தது. புருஷன் வீட்டு வாசலில் அந்தப் பெண் நிற்கிறாள். அழுகிறாள். ஒரு கதவு கிறீச்சென்றது. காலடிச் சத்தம். அப்புறம் பிடில், காற்று, கரகரப்பு. படம் முடிந்துவிட்டது.

"உள்ள போயிட்டா பாவம்" என்றாள் அம்மா.

"வெளிய போயிட்டாங்க நங்கை."

"அதெப்படி? கதவு தொறந்துதே!"

"உள்ள போயிருந்தாத் தாழ் போடற சத்தம் கேட்டிருக்கோணும். கேட்டுதுங்களா? வெளியதான் போனா."

தையற்காரம்மா ஊசியை நீட்டினாள். "வெளிய போனா ரோட்டுச் சத்தம் கேக்கோணுமல்ல? ஒரு மாட்டு வண்டி கூடவா போகாது?"

"அவ போற ரோட்டுல வண்டி இல்லீங்க" என்றாள் அத்தை.

அப்போது வாசலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமையில் ஒருநாளும் வராத குரல். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். முதுகு அப்படியே எங்கள் பக்கம்தான்.

"ஏனம்மிணி, வெளிய போயி அவ எங்க போவா?"

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். தையற்காரம்மா கூட நூலைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் ஊட்டுக்குப் போவாளுங்கண்ணா" என்றாள் அத்தை.

அப்பா யோசித்தார். பிறகு ஓவென்று சிரித்தார். "அட, படத்துல அவளுக்கு அண்ணனே இல்லையே! அம்மாளும் புள்ளையும்தானே அவ பொறந்த ஊட்ல இருந்தாங்க?"

"இல்லீங்களா?" என்றாள் அத்தை. "சரிங்கண்ணா. நான் சரியாக் கேக்கலையாட்ட இருக்குது." முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தாள். அந்த அரிசியில் அப்போது கல்லே இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோனாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்க, அவ படத்தச் சொல்லலீங்க."

"பின்ன எதச் சொன்னா?"

அம்மா என்னவோ சொல்ல வந்தாள். தங்கை வாழ்க்கையைப் பற்றி அண்ணன்காரனிடம் வீட்டுக்கு வாழ வந்தவள் எதைச் சொன்னாலும், அது இங்கே இருக்கவிடாத பேச்சு, இல்லையென்றால் அங்கே வாழவிடாத பேச்சு என்று ஆகிவிடும். அவள் அதை யோசித்திருப்பாள். "ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

அப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே, "எனக்கு இப்பத்தான் வெளங்குச்சு" என்றார். "அவளுக்கு அங்க பொழுது போகல. அத்தாச்சோட்டுப் பெரிய ஊடு, பேச்சுத் தொணை இல்ல. இங்க ரேடியோ இருக்குது, கதை கேக்கறா, சிரிக்கறா. கொளந்தை மாதிரி. இத நான் முன்னாலயே கவனிச்சிருக்கோணும்."

ஆவணி பிறந்ததும் மாமா கூட்டிப்போக வந்தார். வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெற்றிலை, பேச்சே கிடையாது. பெண்ணை அனுப்பும்போது சீர் கொடுத்து அனுப்ப வேண்டும் அல்லவா? தட்டில் பழம், தேங்காய், பூ, சேலை எல்லாம் வைத்தாயிற்று. கடைசியில் அப்பா உள்ளே போய், ஒரு புதுப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இந்தா அம்மிணி. இதையும் கொண்டுட்டுப் போ. இனி உனக்கு அங்க ஒரு கொறையும் இருக்காது."

வீதியே கூடி நின்றது. இப்படியும் ஒரு அண்ணனா என்று எல்லாரும் வாயில் விரலை வைத்தார்கள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசை ஆசையாக வாங்கிய பொருள். தங்கைக்காக அதையும் கொடுத்தார். அவர் பாசத்தில் ஒரு பொட்டுக் குறையில்லை, அதை நான் எங்கேயும் சொல்வேன்.

அத்தை ரேடியோவைப் பார்த்தாள். பிறகு அப்பா முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இப்போதாவது கேட்பாரா என்று பார்த்தாள் என்றுதான் இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரிங்கண்ணா" என்றாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையை என்னால் சொல்ல முடியாது. அம்மா மத்தியானமே புளி தட்ட ஆரம்பித்தாள். தையற்காரம்மா இரண்டு வாரம் பழக்கத்தில் வந்து, வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனாள். அப்புறம் அவள் வீட்டு மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

தை நோம்பி கழிந்து அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு தாராபுரம் போனார். அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். பஸ்ஸில் வழியெல்லாம், "உங்கத்தை இப்ப ஜம்முனு கதை கேட்டுட்டு இருப்பா பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெரிய வீடு. முன்கூடமான ஆசாரத்தில் ஒரு மேடை மாதிரிக் கட்டி, பூ வேலை செய்த துணி போர்த்தி, அதன்மேல் நடுநாயகமாக ரேடியோவை வைத்திருந்தார்கள். "எவ்வளவு பத்திரமா வெச்சிருக்காங்க!" என்று அப்பா பூரித்துப்போனார். மாமாவும் இன்னும் இரண்டு வியாபாரிகளும் அங்கே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்கும் இடம் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் படம் ஆரம்பித்தது.

நான் உள்ளே ஓடினேன். ஆசாரம் தாண்டி, சமையற்கட்டு தாண்டி, கிணறு தாண்டி, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் அத்தை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். கல்லுரலில் குழவி கடகடவென்று சுற்றியது. என்னைக் கண்டதும் பால் வழிகிற கையோடு அப்படியே கட்டிக்கொண்டாள்.

"அத்தை, படம் போட்டாச்சு. வாங்க!"

"அங்க ஆம்பளைங்க இருக்காங்க கண்ணு. நீ போய்க் கேளு."

போனேன். கேட்டேன். பாதியில் பேச்சு நின்று மேளமும் பிடிலும் மட்டும் வந்தது. அங்கே இருந்த நாலு ஆம்பளைகளும் என்ன நடக்கிறது என்று கவலைப்படவில்லை. மாமா வெற்றிலை மடித்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரே ஓட்டமாகக் கொட்டகைக்கு ஓடினேன்.

"அத்தை, பேச்சே காணோம், வெறும் பிடில் வாசிக்கறாங்க. இப்ப என்ன நடக்குது? சொல்லுங்க!"

அத்தை குழவியை நிறுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். மாடு கழுத்தை ஆட்டுகிற சத்தம் வந்தது. வேறு ஒரு சத்தமும் அங்கே எட்டவில்லை. அவள் கண்ணை மூடுவாள் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நான் பாக்காத படத்துக்கு என்னத்தக் கண்ணு சொல்லட்டும்?" என்றாள்.

கிணற்றடிப் பக்கம் காலடி கேட்டது. அப்பாதான். தங்கையைப் பார்க்க மனசு கேட்காமல் எழுந்து வந்திருக்கிறார். ஆனால் சம்பந்தி வீட்டில் பின்கட்டு வரைக்கும் வருவது மரியாதையில்லை என்று கிணற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. உரக்கக் கூப்பிட்டார்.

"அம்மிணீ! ரேடியோ அங்க வரைக்கும் நல்லாக் கேக்குதா?"

அத்தை சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"கேக்குதுங்கண்ணா" என்றாள். "நல்லாக் கேக்குதுங்க."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டு, திருப்தியாக, படம் கேட்கப் போனார். அத்தை உட்கார்ந்து, குழவியைப் பிடித்துக்கொண்டாள்.